சலமாங்காவில் ராகு காலம்

சலமாங்காவில் எனக்கு முதல் வகுப்பு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. சென்னையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். வேறு அப்பாவாக இருந்தால் என்ன பாடம், யார் ஆசிரியர் என்று விசாரித்திருப்பார். என் அப்பா கேட்டது: "எந்த ஊர் பத்து மணி?"

அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மணி விஷயத்தில் அவரிடம் விளையாட முடியாது. அவர் மேசையில் இரண்டு புத்தகங்கள் எப்போதும் இருக்கும். ஒன்று ரயில்வே கால அட்டவணை. இன்னொன்று பாம்புப் பஞ்சாங்கம். முன்னது தவறக்கூடியது என்பதை அவர் ஒப்புக்கொள்வார்.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. வகுப்பு பத்து மணிக்கு. தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். அப்பா விடவில்லை. தினசரி காலண்டரில் அச்சடித்திருக்கும் ஏழரை - ஒன்பது என்பது சூரியன் காலை ஆறுக்கு எழுந்து மாலை ஆறுக்கு வீடு திரும்பும் ஊருக்கான உத்தேசக் கணக்காம். சரியான முறை வேறு. அந்தந்த ஊரில் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைக்குமான பகலை எட்டுப் பங்காகப் பிரித்து, திங்கட்கிழமையானால் இரண்டாவது பங்கை ராகுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்: செப்டம்பர் நடுவில் சலமாங்காவில் சூரிய உதயம் எப்போது? செல்போனில் பார்த்துச் சொன்னேன். எட்டு மணி வாக்கில்.

"எட்டா?" அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "செப்டம்பர் நடுவில் உலகத்தில் எங்கே போனாலும் ராத்திரியும் பகலும் கிட்டத்தட்ட சமம். ஆறு மணி வாக்கில் உதித்தாக வேண்டும். எட்டு மணி என்றால் சூரியன் பேரில் குற்றமில்லை. அந்த ஊர் மணியில்தான் ஏதோ தில்லுமுல்லு."

பெசன்ட் நகர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி, பார்த்திராத ஒரு நாட்டின் கடிகாரத்தில் அவர் கண்டுபிடித்த குற்றம் நூற்றுக்கு நூறு உண்மை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போதைக்கு அவர் தாளில் கணக்குப் போட்டு முடித்திருந்தார். திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை. என் வகுப்பு அதன் நடு மண்டையில். "ஒன்பதேகாலுக்கே உள்ளே போய் உட்கார்ந்துவிடு. தொடங்குவதுதான் கூடாது. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை ராகு எழுப்பிவிடமாட்டார்."

போய் உட்கார்ந்தேன். நான் படித்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஊரின் புகழ்பெற்ற, 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகத்திலிருந்து நடந்துபோகும் தூரம், அவ்வளவுதான். விளக்குப் போட வந்த ஊழியர் இருட்டில் என்னைக் கண்டு திடுக்கிட்டார். முந்தின நாள் யாராவது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்களா என்று கேட்டார். ராகு காலத்தை விளக்கும் அளவுக்கு என் ஸ்பானிஷ் வளர்ந்திருக்கவில்லை. பாம்பு, சூரியன், திங்கட்கிழமை என்ற மூன்று சொற்களை வைத்து முயன்று பார்த்தேன். அவர் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மற்றவர்கள் பத்து அடித்த பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பேராசிரியர் பத்தேகாலுக்கு, கலப்படமில்லாத ராகு காலத்தில், சிரித்த முகத்தோடு பாடத்தைத் தொடங்கினார். பாடம் நன்றாகவே நடந்தது. இந்தத் தகவலை அப்பாவுக்கு அனுப்பவில்லை.

மணியின் தில்லுமுல்லுக்கு வருகிறேன். வரைபடத்தில் ஸ்பெயின் கிட்டத்தட்ட பிரிட்டனுக்கு நேர் கீழே இருக்கிறது. கிரீனிச் கோடு அதன் கிழக்கு ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. சலமாங்காவோ மேற்கே, போர்ச்சுகல் பக்கம். நியாயப்படி லண்டன் மணிதான் இங்கேயும் ஓட வேண்டும். 1940 வரை அப்படித்தான் ஓடியது. அந்த ஆண்டு மார்ச் 16ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு பிராங்கோவின் அரசு நாட்டிலுள்ள கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி முன்னே தள்ளியது. மற்ற ஐரோப்பிய நாடுகளோடு ஒத்துப்போக என்று காரணம் சொன்னார்கள். அது அப்போது பெர்லினில் ஓடிய மணி என்பதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். போர் முடிந்தது. பெர்லின் இரண்டாகி, மறுபடி ஒன்றாகியது. பிராங்கோ 1975இல் போய்ச் சேர்ந்தார். மணியை மட்டும் யாரும் பழைய இடத்தில் கொண்டுவந்து வைக்கவில்லை. கோடைக்காலத்தில் அதன் தலைமேல் இன்னொரு மணியை ஏற்றுகிறார்கள். இதனால் செப்டம்பரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் இரண்டேகால் தாண்டியிருக்கும்.

சலமாங்காவின் நடுவில் பிளாசா மாயோர் என்ற பெரிய சதுக்கம். 1729இல் கட்டத் தொடங்கி 1755இல் முடித்தார்கள். வில்லாமயோர் என்ற பக்கத்து ஊர்க் கல். சாயங்கால வெயிலில் சதுக்கம் முழுவதும் தங்கமாகிவிடும். வளைவுகளுக்கு நடுவே அரசர்கள், அறிஞர்கள் முகங்களைப் பதக்கங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பிராங்கோவின் முகமும் அங்கே இருந்தது. 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் சற்றே தலையை உயர்த்தி நகராட்சிக் கட்டடத்தின் உச்சியிலுள்ள கடிகாரத்தையும் பார்த்திருக்கலாம். அவர் முகம் போய்விட்டது, அவர் வைத்த மணி அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ஊரில் யார் யாரைச் சந்திப்பதானாலும் அந்தக் கடிகாரத்துக்குக் கீழேதான். காதலர்கள், கடன்காரர்கள், வெளியூரிலிருந்து வரும் சித்தப்பாக்கள், எல்லாருக்கும் அதே இடம். எட்டு மணிக்குக் கடிகாரத்தடியில் என்று சொன்னால் எட்டே முக்காலுக்கு வருவார்கள். நேரம் பார்க்க வசதியாக இவ்வளவு பெரிய கடிகாரத்தை வைத்து, அதன் அடியில் நின்றுகொண்டு, நேரமே பார்க்காமல் இருக்கிற மக்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதெல்லாம் வயிற்றுக்குத் தெரியுமா? என் வயிறு சென்னையிலேயே பழகியது. பன்னிரண்டரைக்குக் கூவ ஆரம்பித்துவிடும். முதல் வாரம் அந்த நேரத்தில் ஓர் உணவகத்தில் நுழைந்து சாப்பாடு கேட்டேன். பரிமாறுபவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிவுதான் இருந்தது. சமையற்காரர் இன்னும் வரவில்லை, ஒன்றரைக்கு மேல் வாருங்கள் என்றார். சரி, அதுவரை சிம் கார்டு, சோப்பு வாங்கலாம் என்று சுற்றினால் வழி தெரியாமல் அலைந்து மணி இரண்டாகிவிட்டது. இரண்டு மணிக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. திரும்பத் திறக்க ஐந்தாகும். தெருவில் நானும் ஒரு நாரையும். (நாரைகள் இங்கே கோபுரங்களில் கூடு கட்டும். அவை மட்டும் சூரியனைப் பார்த்துச் சாப்பிடுகின்றன.)

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். முதல் நாளே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிவிட்டார். எழுபது வயதுப் பெண்மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு எழவில்லை. பேராசிரியரையும் பெயர் சொல்லி, ஒருமையில்தான் பேச வேண்டும் என்றார்கள். அந்த வாக்கியங்களை நான் எழுவாயே இல்லாமல் பேசக் கற்றேன். ஸ்பானிஷில் எழுவாயை விழுங்கிவிடலாம். ஆனால் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். எனவே வினைச்சொல்லையும் விழுங்கினேன். ஒரு செமஸ்டர் முழுக்க என்னை எல்லாரும் சாதுவான பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாவின் வீட்டில் இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்குவார். அதற்குள் அத்தை கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி டப்பாவோடு நான் என் அறையில் ஒரு சுற்று முடித்திருப்பேன். (ஊர்ப் பெயரிலேயே மாங்காய் இருப்பதால் அத்தை ஊறுகாய் மட்டும் தரவில்லை.) காரம் என்று ஒன்று இங்கே கிடையாது. காரமானது என்று எச்சரித்து ஒரு உருளைக்கிழங்குப் பண்டம் கொடுத்தார்கள். சிவப்பாக இருந்தது, அவ்வளவே. இந்தியாவுக்கு வழி தேடிய கொலம்பஸ் இந்த ஊர் சான் எஸ்தேபான் மடத்தில் தங்கி அறிஞர்களிடம் வாதாடினார் என்று சொல்கிறார்கள். அவர் போனதால்தான் ஐரோப்பா மிளகாயைப் பார்த்தது. அதைப் போர்ச்சுகல்காரர்கள் நம்மிடம் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனார்கள். இவ்வளவு சிரமப்பட்டுக் கொண்டுவந்தவர்கள் தங்களுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு நாள் அந்த அம்மாவிடம் அப்பாவின் ஆராய்ச்சியைச் சொன்னேன். நீங்கள் தாமதமாகச் சாப்பிடவில்லை, உங்கள் கடிகாரம் சீக்கிரமாக ஓடுகிறது என்று. கரண்டியோடு நின்று யோசித்தார். "என் பாட்டி ஒரு மணிக்குச் சாப்பிட்டாள். நான் இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறேன். இரண்டு பேருக்கும் பசித்தது ஒரே நேரத்தில்தான்" என்றார். அப்பா எழுதிய தாள்களையெல்லாம் இந்த மூன்று வாக்கியத்தில் அடக்கிவிட்டார். இரவு பத்து மணிச் சாப்பாட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு போதாது. ஒரு மணியைக் கழித்தாலும் ஒன்பது ஆகிறது. அதற்கு பிராங்கோ பொறுப்பில்லை, அது இவர்களே தேடிக்கொண்டது.

போர்ச்சுகல் எல்லைக்கு ஒரு சனிக்கிழமை போனபோது அந்த ஒரே நேரத்துப் பசியைக் கண்ணாலேயே பார்த்தேன். ஸ்பெயின் பக்கத்தில் ஃபுவெந்தெஸ் தே ஒஞோரோ, அந்தப் பக்கத்தில் விலார் ஃபொர்மோசோ. இங்கே இரண்டு மணி, அங்கே ஒன்று. இரண்டு ஊரிலும் ஆட்கள் ஒரே சமயத்தில் துண்டை மடியில் விரித்துக்கொண்டு சூப்புக்குக் காத்திருந்தார்கள்.

பெயர் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லா விண்ணப்பங்களிலும் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. எனக்கோ ஓர் இனிஷியல்தான் சொத்து. கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. முதலாவதில் அப்பா பெயரையும் இரண்டாவதில் அம்மாவின் அப்பா பெயரையும் எழுதினேன். பட்டியல்களில் குடும்பப் பெயர்கள்தான் முதலில் வரும், நம் பெயர் ஒரு காற்புள்ளி தாண்டிக் கடைசியில். ஆகவே திங்கள்தோறும் அப்பாவும் தாத்தாவும் வகுப்பில் உரக்க அழைக்கப்பட்டார்கள். மாயவரத்தில் பிறந்து, ராகு காலத்தில் திண்ணையைவிட்டு இறங்காமலே வாழ்ந்து மறைந்த தாத்தா, பத்தேகாலுக்கு ஐரோப்பாவில் "உள்ளேன்" சொன்னார்.

பழைய பல்கலைக்கழகத்தின் முகப்பில் ஒரு மண்டை ஓட்டின் மேல் சின்னத் தவளை செதுக்கியிருக்கிறது. யார் உதவியும் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்வில் தேறுவார் என்பது நம்பிக்கை. எதிரே எந்நேரமும் சுற்றுலாக் கூட்டம் விரலை நீட்டிக்கொண்டு நிற்பதால் உதவி இல்லாமல் பார்ப்பது இயலாத காரியம். கேள்வித்தாள் இப்படி வெளியான பிறகும் தேர்வை ரத்து செய்யாமல் இருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது உள்ளே இருக்கும் ஒரு பழைய வகுப்பறை. கரடுமுரடான மரக்கட்டைகள்தான் பெஞ்சுகள். ஃப்ராய் லூயிஸ் தே லெயோன் என்ற துறவிப் பேராசிரியரின் பெயரால் அது வழங்குகிறது. வேதாகமத்தின் ஒரு பகுதியை ஸ்பானிஷில் ஆக்கியது உள்ளிட்ட குற்றங்களுக்காக 1572இல் அவரைச் சமய விசாரணை மன்றம் பிடித்துப் போட்டது. 1576 கடைசியில்தான் விட்டது. திரும்பி வந்த முதல் வகுப்பில், நேற்று எங்கே நிறுத்தினோமோ அங்கிருந்து என்பதுபோல் பாடத்தை ஆரம்பித்தாராம். நடந்ததோ இல்லையோ, ஊர் அதை நம்புகிறது. ஊரின் குருவே நாலரை ஆண்டுத் தாமதத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறார். கால்மணி நேரம் பிந்தும் சீடர்களை என்ன சொல்ல?

புதிய பேராலயம் என்று ஒன்று உண்டு. புதியது என்றால் 1513இல் தொடங்கியது. அதன் ஒரு வாசலில், கொடிகளுக்கும் தேவதைகளுக்கும் நடுவே, தலைக்கவசமும் குழாயுமாக ஒரு விண்வெளி வீரர். பக்கத்தில் ஒரு பூதம் கோன் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது. 1992இல் அந்த வாசலைப் பழுதுபார்த்தபோது தங்கள் காலத்தின் அடையாளமாகச் சிற்பிகள் சேர்த்தவை இவை. வேற்றுக்கிரகவாசிகள் வந்து போனதற்கு அத்தாட்சி என்று வாதாடும் பயணிகள் தினமும் வருகிறார்கள். படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். "பரவாயில்லை, இவர்கள் மணியை மட்டுமல்ல, நூற்றாண்டையே தள்ளி வைப்பவர்கள்" என்று பதில் வந்தது.

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு எல்லாரும் கடிகாரத்தை இரண்டுக்குத் திருப்பினார்கள். அப்பா தினமும் நம்மூர் எட்டரைக்கு, அதாவது எனக்கு ஐந்து மணிக்கு, அழைப்பார். அன்றைக்கு நாலு மணிக்கே மணி அடித்தது. விஷயத்தைச் சொன்னேன். நீண்ட மௌனம். பிறகு, எதிர்பார்த்திருக்க வேண்டிய கேள்வி: "அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரயில் என்ன செய்யும்?"

வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். இரவு ரயில்கள் வழியில் ஏதாவது ஒரு நிலையத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்றுவிட்டுப் போகும் என்றார். அப்பாவிடம் சொன்னேன்.

"ஒரு மணி நேரம் நிற்குமா?"

"ஆமாம்."

"தாமதக் கணக்கில் வராதா?"

"வராது."

"ம்" என்றார், ஏக்கத்தோடு. அன்றிலிருந்து ஸ்பெயின் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் இந்திய ரயில்கள் எல்லாம் மெட்ராஸ் மணிப்படிதான் ஓடின, 1906இல் பொது மணி வந்துதான் ஒன்பது நிமிஷத்தை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்று தன் பழைய குறையையும் சேர்த்துக்கொண்டார்.

குளிர்காலம் வர வர அவர் அனுப்பும் வாட்ஸ்அப் அட்டவணை சுவையாகிக்கொண்டே போனது. டிசம்பரில் சலமாங்காவில் பகல் ஒன்பதேகால் மணி நேரம்தான். அதை எட்டாகப் பிரித்தால் ராகுவின் பங்கு எழுபது நிமிஷத்துக்குச் சுருங்கிவிடுகிறது. சென்னையில் ஒன்றரை மணி நேரம் வேலை பார்ப்பவர் இங்கே குளிரில் சீக்கிரமே கடையைக் கட்டிவிடுகிறார். அப்பாவின் செய்தி இப்படி இருக்கும்: "திங்கள். ராகு. வருகை 9.49. புறப்பாடு 10.58."

டிசம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை இரவு, இந்த ஊரின் பெரிய கூத்தைப் பார்த்தேன். ஸ்பெயினில் புத்தாண்டு பிறக்கும்போது நள்ளிரவின் பன்னிரண்டு மணியோசைக்கும் பன்னிரண்டு திராட்சை விழுங்க வேண்டும். விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவதால் மாணவர்களுக்குத் தங்கள் நண்பர்களோடு புத்தாண்டு கொண்டாட முடியாது. அதற்காக விடுமுறைக்கு முன்பே ஒரு புத்தாண்டை உண்டாக்கிக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. மற்ற ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பிளாசா மாயோரில் நிற்க இடமில்லாமல் குவிகிறார்கள். திராட்சைக்குப் பதிலாகப் பன்னிரண்டு ஜெல்லி மிட்டாய். திராட்சையாவது வழுக்கிக்கொண்டு இறங்கும். ஜெல்லி மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஏழாவது மணிக்கு மேல் சதுக்கத்தில் யாராலும் வாயைத் திறக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு அமைதியாகப் புத்தாண்டை வரவேற்றது.

அசல் டிசம்பர் 31 மாலை ஏழரைக்கே அப்பாவிடமிருந்து அழைப்பு. அங்கே பன்னிரண்டு அடித்துவிட்டது. பின்னால் பட்டாசுச் சத்தம், அத்தை "சாப்பிட்டியாடி?" என்று கத்துவது கேட்டது. இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும் என்று நான் கத்தினேன். நள்ளிரவில் வீட்டுக்கார அம்மா தொலைக்காட்சி முன்னால் என்னை உட்காரவைத்துத் திராட்சைத் தட்டை நீட்டினார். விதையை எடுத்து, தோலை உரித்து வைத்திருந்தார். இது எழுபது வருஷ அனுபவம். முடிந்ததும் படுக்கப் போகலாம் என்று எழுந்தால், உட்கார் என்றார். அவருடைய தங்கை லாஸ் பால்மாஸில் இருக்கிறார். கானரி தீவுகளில் எப்போதும் ஒரு மணி குறைவு. இதை இங்கே வானொலியில் மணிக்கு மணி ஞாபகப்படுத்துவார்கள். தங்கைக்குப் புத்தாண்டு பிறக்கும் வரை அக்கா தூங்கமாட்டார். ஒரு மணிக்குத் தங்கையைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, இன்னொரு தட்டுத் திராட்சை.

எங்கள் வருஷப் பிறப்பு ஏப்ரலில்தான் என்று நடுவில் சொல்லிவைத்தேன். அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. எத்தனை திராட்சை என்றார். திராட்சை இல்லை, வேப்பம்பூ, கசக்கும் என்றேன். அதை மன்னித்துவிட்டார். நள்ளிரவு மணியோசை எங்கிருந்து வரும் என்றார்.

"நள்ளிரவே கிடையாது. சூரியன் ராசி மாறுகிற நேரம் வருஷத்துக்கு வருஷம் வேறுபடும். பஞ்சாங்கத்தில் போட்டிருப்பார்கள். காலையில் இருக்கலாம், மதியம் மூன்று மணிக்குக்கூட இருக்கலாம்."

"மூன்று மணிக்கா?" ஸ்பூனைக் கீழே வைத்தார். தங்கையிடம் தொலைபேசியில் ஒரு நிமிஷம் பொறு என்றார். "எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதா?"